பழைய குட்டி யானைய வீட்டுக் கொல்லையிலயே ரெடி பண்றது எப்படி? டெல்டாக்காரங்களுக்கு ஒரு செய்முறை

பழைய குட்டி யானை, அதான் டாடா ஏஸ் லோடு வண்டி, ஒன்னு சல்லிசா கிடைச்சுதுன்னு வாங்கிப் போட்டுட்டு நேரா பெயிண்டர்கிட்ட ஓடுறவங்க நம்ம பக்கம் நிறைய. அடிச்சவுடனே பளபளன்னுதான் இருக்கும், எஃப்சியும் (வண்டி ஓடத் தகுதின்னு ஆர்டிஓ தர்ற சான்று) ஒருவழியா காட்டிடலாம், ஆனா அடுத்த ஐப்பசி மழையில பாடி அடியில கொப்புளம் கொப்புளமா கிளம்பும் பாருங்க, அப்ப தெரியும். டெல்டாவுல லோடு வண்டி ஓடித் தேயுறதுக்கு முன்னாடியே அரிச்சுப் போயிடும். நடவு சமயத்துல நாத்துக்கட்டு ஏத்திக்கிட்டு சேத்துல இறங்குது, அப்புறம் யூரியா பொட்டாஷ் மூட்டை, அறுப்பு வந்தா ஈர நெல்லோட டிபிசி, அதாவது நெல் கொள்முதல் நிலையம், வாசல்ல காத்துக்கிடக்குது, வேதாரண்யம் நாகப்பட்டினம் பக்கம்னா உப்புக்காத்து வேற. பொட்டாஷே பொட்டாசியம் குளோரைடுதான், அதுவும் ஒரு உப்பு, கிழிஞ்ச மூட்டையிலேர்ந்து சிந்துனது இடுக்குல தங்கி ஈரம் பட்டுச்சுன்னா தகட்டை தின்னுடும். அதனால வேலைய கீழேர்ந்து ஆரம்பிங்க, பெயிண்ட் கடைசி.

நான் டாடா ஏஸை வச்சு சொல்றேன். 2005ல வந்த வண்டி, 702 சிசி, ரெண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், சீட்டைத் தூக்குனா இன்ஜின் கைக்கெட்டுற தூரம், ஆரம்பகால மாடல்ல கம்ப்யூட்டர் சமாச்சாரமே கிடையாது, புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதைவிட லேசான வண்டி இல்ல. டாடா 207, பொலேரோ பிக்கப் வச்சிருக்கவங்களுக்கும் முறை இதேதான், எடைதான் கூட.

எப்ப ஆரம்பிக்கிறது?

சம்பா அறுப்பு முடிஞ்ச கையோட, மாசியில. பங்குனி சித்திரை வெயில் பெயிண்ட் வேலைக்கு நல்லது. மேட்டூரை வழக்கமா ஜூன் 12 திறப்பாங்க, தண்ணி வந்து குறுவை ஆரம்பிச்சுடுச்சுன்னா ஜாக்கி புடிக்கக்கூட ஆள் கிடைக்காது. ஐப்பசி கார்த்திகையில பெயிண்ட் டப்பாவைத் தொறக்கவே தொறக்காதீங்க.

முதல்ல பேப்பர்

வண்டில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆர்சி புக்ல இருக்கிற சேஸ் (வண்டியோட அடிச்சட்டம்) நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில குத்தியிருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. சேஸ் நம்பர் மேல சேறும் பெயிண்ட்டும் அடையா இருக்கும், தின்னர் தொட்ட துணியால தொடைச்சாலே தெரியும், கிரைண்டர் வச்சுடாதீங்க. ஃபைனான்ஸ் நிலுவை இருக்கா, டேக்ஸ் கட்டியிருக்கா, எஃப்சி எப்ப முடிஞ்சுதுன்னு அரசாங்கத்தோட பரிவாகன் இணையதளத்துலயே பாத்துடலாம். 15 வருஷம் ஆச்சுன்னா வண்டி செல்லாதுன்னு டீக்கடையில பேசிக்கிறாங்க, 2023 ஏப்ரல்லேர்ந்து அப்படி ரத்தாகுறது அரசாங்க வண்டிங்களோட பதிவு. நம்ம ஊர்ல மத்த வண்டிங்களுக்கு எஃப்சி பாஸ் ஆச்சுன்னா ஓட்டலாம். டெல்லி பக்கம் 10 வருஷ டீசல் வண்டிக்கு இருக்கிற கதை வேற. மஞ்சள் போர்டு வண்டிக்கு 8 வருஷத்துக்கு மேல போச்சுன்னா வருஷா வருஷம் எஃப்சி காட்டணும், அதையும் கணக்குல வச்சுக்குங்க.

கழுவி, தட்டிப் பாருங்க

பம்புசெட்டுல கழுவுறதா இருந்தா அடிப்பக்கம் நல்லா அடிங்க, ரெண்டு நாள் காயவிடுங்க. அப்புறம் ஒரு சின்ன சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கிட்டு சாக்கை விரிச்சு அடியில படுங்க. சேஸை ஒரு முனையிலேர்ந்து தட்டிக்கிட்டே வரணும். நல்ல இரும்பு டங்குன்னு சொல்லும், அரிச்ச இடம் தொப்புன்னு செத்த சத்தம் கொடுக்கும், அங்க ஸ்க்ரூ டிரைவரை வச்சு அழுத்துனா உள்ள இறங்கும், அந்த இடத்துக்கெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கிட்டே போங்க. ஸ்பிரிங் பட்டை மாட்டுற பிராக்கெட், கேபினுக்குப் பின்னாடி குறுக்குச்சட்டம், பின் வீல் வளைவு, மிதிக்கிற பலகை, பாடியோட நாலு மூலை, இதெல்லாம் விடாம பாக்கணும். மூலையில பிடி வைக்கோலும் நெல்லுச் சொணையும் மக்கி எருவாட்டம் கிடக்கும், அதைக் கிளறி எடுத்தாத்தான் ஓட்டையே தெரியும்.

சேஸ்ல பெரிய விரிசல், அதுவும் பட்டை பிராக்கெட் கிட்ட இருந்தா நீங்களே வெல்டிங் வைக்காதீங்க, அனுபவப்பட்ட பட்டறைக்கு விடுங்க. சேஸே ரெண்டு மூனு இடத்துல போயிருந்துச்சுன்னா அந்த வண்டி பார்ட்ஸுக்குத்தான் ஆகும், மனசைத் தேத்திக்கிட்டு காயலாங்கடைக்கு விலை பேசுங்க.

இன்ஜின்

ரொம்ப நாளா நின்ன வண்டின்னா எடுத்தவுடனே செல்ஃப் அடிக்காதீங்க. கிராங்க் புல்லி போல்ட்டுல ஸ்பேனர் போட்டு கையால சுத்திப் பாருங்க. சுத்துனா நல்லது. சுத்தலைன்னா டீசலை உள்ள பீச்சுற நாசிலைக் கழட்டி சிலிண்டருக்குள்ள கொஞ்சம் டீசல் விட்டு ஊறவிடுங்க, மறுநாள் முன்னும் பின்னுமா மெதுவா அசைச்சுப் பாருங்க, முரட்டுத்தனம் வேணாம். இளகினதும் நாசில் ஓட்டை தொறந்தே இருக்கணும், அப்படியே ஒரு தடவை சுத்தி உள்ள கிடக்கிற டீசலை வெளிய தள்ளிட்டுத்தான் நாசிலைப் போடணும், இல்லாட்டி கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அந்த டீசல் ஆயில் சேம்பர்லயும் இறங்கியிருக்கும், ஆயிலை எப்படியும் மாத்தத்தானே போறோம்.

பழைய டீசலை மொத்தமா வடிச்சிடுங்க, டேங்க் அடியில தண்ணியும் கசடும் இருக்கும். டேங்கைக் கழட்டியே வச்சிடுங்க, பின்னாடி வெல்டிங் இருக்கு. இன்ஜின் ஆயில் 15டபிள்யூ40, ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், இத்தனையும் புதுசு. ரேடியேட்டர்ல வாய்க்கா தண்ணி ஊத்துற பழக்கத்தை விடுங்க, கூலண்ட் ஊத்துங்க. ஸ்டார்ட் ஆகலைன்னா பாதிக்குப் பாதி லைன்ல ஏர்தான், வெல்டிங் முடிஞ்சு டேங்கை மாட்டுனதும் ஃபில்டர் மேல இருக்கிற திருகை லூஸ் பண்ணி நுரை நின்னு சுத்தமா டீசல் வர்றவரைக்கும் பம்ப் பண்ணணும். டீசல் பம்பை மட்டும் வீட்ல பிரிக்காதீங்க, அதுக்கு டெஸ்ட் பெஞ்சு இருக்கிற கடை வேணும்.

துரு, தகடு, வெல்டிங்

வேலையே இங்கதான் இருக்கு, அவசரப்பட்டா எல்லாம் வீண். துருப்புடிச்ச போல்ட்டுங்களுக்கு முந்தின நாள் ராத்திரியே டீசலும் பழைய ஆயிலும் கலந்து விட்டு வைங்க. கழட்டுற ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி கவர்ல போட்டு எந்த இடத்துதுன்னு எழுதி ஒட்டுங்க, செல்போன்ல படமும் எடுத்துக்குங்க.

கிரைண்டர்ல கப் பிரஷ் மாட்டி வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் துருவை எடுக்கணும், கண்ணாடி போடாம கிரைண்டரைத் தொடாதீங்க, அந்தக் கம்பி பிச்சுக்கிட்டு வரும். ஓட்டையை பட்டி வச்சு மூடுற வேலையே வேணாம், அரிச்சதை நல்ல இரும்பு வர்ற வரைக்கும் கட் பண்ணி எடுத்துட்டு அதே அளவுக்கு புதுத் தகடு வச்சுத்தான் பத்தணும். கேபினுக்கு 20 கேஜ், லோடு பாடித் தரைக்கு 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர். மெல்லிசு தகட்டுல ஒரேயடியா கோடு இழுத்தா நெளிஞ்சுடும், இங்க ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டுன்னு வச்சு, ஆறவிட்டு, நடுவுல நிரப்பிக்கிட்டு வாங்க.

வெல்டிங் போடும்போது பேட்டரி டெர்மினல் ரெண்டையும் கழட்டிடணும், ஆல்டர்னேட்டர் கனெக்ஷனையும் சேத்து, இல்லாட்டி டயோடு போயிடும். நம்ம கொல்லையில கீத்துக் கொட்டகை, வைக்கப்போர் ரெண்டும் இருக்கும், ஒரு பொறி பறந்தா போதும். வெட்ட வெளியில வச்சு, பக்கத்துல ரெண்டு குடம் தண்ணியோட பண்ணுங்க. கரண்ட்டு வீட்டு லைன்ல எடுங்க, மோட்டார் கொட்டகையில இருக்கிற விவசாய இலவச மின்சாரத்துல வெல்டிங் போட்டா அபராதம்தான்.

வேலை முடிஞ்ச இடத்துல அன்னைக்கே எபாக்ஸி பிரைமர் அடிச்சிடணும். வெறும் இரும்பை ஒரு ராத்திரி பனியில விட்டா காலையில செம்மண் கலர்ல நிக்கும்.

பட்டை, பிரேக்

பட்டை செட்டைப் பிரிச்சு ஒவ்வொன்னா பாருங்க, மெயின் பட்டையில மயிரிழை விரிசல் இருந்தாலும் மாத்திடுங்க. ஷேக்கிள் புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதுசு போடுங்க, விலை பெருசில்ல.

பின் டிரம்மைக் கழட்டுனா உள்ள சேறு உருண்டையா இருக்கும். அந்தத் தூசிய வாயால ஊதாதீங்க, ஈரத்துணியால தொடைங்க. வீல் சிலிண்டர் கசிஞ்சா மாத்துங்க, ரப்பர் கப்பை டீசல்லயோ பெட்ரோல்லயோ கழுவக்கூடாது, ஊதிப்போயிடும், பிரேக் ஆயில்லயே கழுவணும். வண்டியில இருக்கிற பிரேக் ஆயில் டப்பா மூடியில என்ன டாட் நம்பர் (ஆயிலோட தரம்) போட்டிருக்கோ அதே ஆயில்தான்.

ஏர் எடுக்க ரெண்டு பேர் வேணும். மாஸ்டர் சிலிண்டர்லேர்ந்து தூரமா இருக்கிற இடது பின் வீல்ல ஆரம்பிச்சு கிட்ட வரணும். பெடல்ல தம்பிய உக்கார வச்சுக்குங்க. வீல்ல இருக்கிற நிப்பிள்ல, அதான் ஏர் வெளிய விடுற திருகுல, ஒரு சின்னக் குழாயை மாட்டுங்க, தம்பி அமுக்கிப் புடிச்சதும் நீங்க நிப்பிளை லூஸ் பண்ணணும்.

"அமுக்கு தம்பி... இன்னும்... அப்படியே புடி, விட்டுடாத."

"புடிச்சிருக்கேண்ணே, தரை வரைக்கும் போகுது."

"போகட்டும். நான் நிப்பிளை முடுக்கிட்டு சொல்ற வரைக்கும் காலை எடுக்காத."

முடுக்குறதுக்கு முன்னாடி காலை எடுத்தா ஏர் திரும்ப உள்ள போயிடும், முதல்லேர்ந்து வரணும். குழாயில குமிழி நின்னு பெடல் கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் விடாதீங்க.

வயரிங் பத்தி பெருசா சொல்ல ஒன்னுமில்ல. எலி கடிச்சது, டேப் சுத்தி ஒட்டுப்போட்டது எல்லாத்தையும் வெட்டிட்டு புது வயர், எர்த் பாயிண்ட்டை தேச்சு இறுக்குங்க, பாதி லைட்டு தானா எரியும்.

பெயிண்ட்

பிரைமர் மேல பட்டி, அதுவும் மெல்லிசா. பட்டி தண்ணிய உறிஞ்சும், அதனால எமரி பேப்பரை வறட்டாத்தான் தேய்க்கணும், 80, 120, 220ன்னு போயி மேல சர்ஃபேசர் அடிச்சப்புறம் 400, 600 வாட்டர் பேப்பர். நம்ம ஆளுங்க பட்டி மேலயே தண்ணி ஊத்தித் தேய்ப்பாங்க, அவங்க வேகத்துக்கு அது சரி, உங்க வண்டிக்கு சரிப்படாது. பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிக்கிறதா இருந்தா கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கண்டிப்பா வேணும், அதோட ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது, துண்டு கட்டுறதெல்லாம் கணக்கில்ல. லோடு பாடி உள்பக்கத்துக்கு சாதா எனாமலே போதும், எப்படியும் மூட்டை இழுத்து கீறத்தான் போகுது. சேஸ் நம்பர் மேல டேப் ஒட்டிட்டு அடிங்க. ஆர்சியில இருக்கிற கலரையே அடிங்க, மாத்துனா ஆர்டிஓ ஆபீஸ்ல பதியணும்.

எஃப்சிக்கு முன்னாடி ரிஃப்ளெக்டர் டேப் முன்னாடி வெள்ளை, பக்கவாட்டுல மஞ்சள், பின்னாடி சிவப்பு. காட்டி முடிச்சதும் முதல் வாரம் காலி வண்டியா ஓட்டுங்க, அப்புறம் பாதி லோடு. ஒரு 200 கிலோமீட்டர் ஓடுனதும் யூ போல்ட்டையும் வீல் நட்டையும் இன்னொரு தடவை முடுக்கிடுங்க, புதுசா போட்ட பட்டை அமுங்கி உக்காந்திருக்கும்.