அறுபது தாண்டி மறுபடி வண்டி: மூன்று சக்கரத்தில் முதலில் நிற்கப் பழகுங்கள்

மூன்று சக்கரம் என்றதும், அது ஆட்டோ போலத் தானாக நிற்கும் என்று நினைத்துக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். பியாஜியோ எம்பி3, யமஹா ட்ரைசிட்டி, பூஜோ மெட்ரோபோலிஸ் எல்லாமே முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று சக்கரம் வைத்த வண்டிகள். ஸ்கூட்டரைப் போலவே சாய்ந்துதான் திரும்பும். சாயாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டைப் போடாமல் நிறுத்தினால் சாய்ந்து விழவும் விழும். கூடுதல் சக்கரத்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே லாபம்: ஈர ரோட்டில் முன்பக்கம் சட்டென்று வழுக்காது, சிவப்பு விளக்கில் பூட்டைப் போட்டுவிட்டால் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் உங்கள் பாடு.

எனக்கு 62 வயது. பிரான்சைச் சேர்ந்த ரியூனியன் தீவில், சேன் ஆந்த்ரே ஊரில் இருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எண்பதுகளில் காரைக்காலில் லூனா ஓட்டிக்கொண்டு திருநள்ளாறு வரைக்கும் போய்வருவேன். கல்யாணமாகி ரியூனியனுக்கு வந்த பிறகு கார்தான். நடுவில் இவ்வளவு காலம் இடைவெளி விட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு வேறு பாடம் வேண்டும். அவர்களுக்கு முட்டியும் நன்றாக இருக்கும்.

முதலில் காகிதம். பிரான்ஸ் சட்டம்தான் இங்கேயும். 2011-லிருந்து, பே பெர்மி, அதாவது கார் லைசென்ஸ், வைத்திருப்பவர் 7 மணி நேரப் பயிற்சி முடித்தால் இந்தப் பெரிய மூன்று சக்கர வண்டியை ஓட்டலாம். 15 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். அது நமக்குத் தடையில்லை. 2 மணி நேரம் வகுப்பு, 2 மணி நேரம் மூடிய மைதானம், 3 மணி நேரம் ரோடு. பரீட்சை கிடையாது. கையில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள், லைசென்ஸோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், நம் வயதுக்கு 7 மணி நேரம் போதாது. காசு கொடுத்து இன்னும் சில மணி நேரம் மைதானத்திலேயே ஓட்டக் கேளுங்கள். பயிற்சியாளர் இளம் பையனாக இருப்பான், "மதாம், உங்களுக்குத்தான் நன்றாக வருகிறதே" என்று அனுப்பி வைக்கப் பார்ப்பான். மயங்காதீர்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். எம்பி3 வெளிவந்தது 2006-ல். முதலில் வந்தவற்றில் முன்சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி குறைவு, சட்டத்தின் கண்ணில் அவை சாதாரண மோட்டார் சைக்கிள். 125 சிசிக்கு மேற்பட்டதற்குக் கார் லைசென்ஸ் செல்லாது. பிறகு வந்த அகலமான எல்டி வகையில் இடைவெளி 46 சென்டிமீட்டருக்கு மேல். கார்த் கிரீஸை, அதாவது வண்டிப் பதிவுச் சான்றை, வாங்கி, ஜே என்ற கட்டத்தில் மூன்று சக்கர வகைக்கான எல்5இ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். விற்பவர் "அதெல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து இந்த வண்டிகளுக்கும் கோன்த்ரோல் தெக்னிக், அதாவது வண்டித் தகுதிப் பரிசோதனை, வந்துவிட்டது, அந்தக் காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எந்த வண்டி எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முட்டியைக் கேளுங்கள். லூனா 50 கிலோ சொச்சம்தான் இருக்கும். ட்ரைசிட்டி 300 ஏறத்தாழ 240 கிலோ, எம்பி3-யில் பெரியது அதற்கும் மேலே. இருக்கை உயரம் 80 சென்டிமீட்டர் அளவுதான் என்றாலும் இருக்கை அகலம், அதனால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும். என்னைப் போல ஐந்தடி உயரக்காரர்களுக்கு இதுதான் பெரிய சங்கடம். கடையில் என்ஜினை அணைத்துவிட்டு ஏறி உட்காருங்கள், பூட்டை எடுங்கள், வண்டியை இடப்பக்கம் நாலு விரல்கடை சாய விட்டு நிமிர்த்துங்கள். பிறகு வலப்பக்கம். நிமிர்த்த முடியவில்லையா, அந்த மாடல் வேண்டாம். விற்பனையாள் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளட்டும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அடி தடித்த பூட்ஸ் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் தரும், அதையே போட்டுக்கொண்டு போங்கள்.

இடுப்போ முட்டியோ அறுவை செய்தவர்களுக்குச் சாயாத வகையும் உண்டு: கேன்-ஆம் ஸ்பைடர், ரைக்கர். கீழே கால் ஊன்றவே வேண்டாம். ஆனால் அவை வளைவில் உடம்பை வெளிப்பக்கம் தள்ளும், கைப்பிடியைக் காரின் ஸ்டியரிங்கைப் போல இழுத்துத்தான் திருப்ப வேண்டும். இங்குள்ள சிலாவோஸ் மலை ரோட்டில் 400 வளைவு என்பார்கள். அதில் தோள் என்னாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் சாயும் வகையையே எடுத்தேன்.

இனி முக்கியமான இடம், நிற்பது. ஓடும்போது பழைய பழக்கம் உடம்பிலிருந்து வந்துவிடும், சந்தேகமே வேண்டாம். வேகம் குறைந்து வண்டி நிற்கப் போகும் அந்த இரண்டு விநாடிதான் நம்மிடம் இல்லாமல் போயிருக்கும். இந்த வண்டிகள் கீழே விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் மூடியிருக்கும், வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடக்கும். அங்கே போய் இதை மட்டும் செய்யுங்கள். நேராக வாருங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க விடுங்கள். கை பிரேக் இரண்டையும் மெதுவாகப் பிடியுங்கள். வேகம் 10 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் பூட்டுக்கான விளக்கு தெரியும். கைப்பிடி நேராக, வண்டி நிமிர்ந்து, இரண்டும் இருந்தால் மட்டும் பொத்தானை அழுத்துங்கள். சாய்ந்த நிலையில் அழுத்தினால் சாய்ந்தபடியே பூட்டிக்கொள்ளும், 240 கிலோவும் ஒரு பக்கமாக உங்கள் காலுக்கு வரும். சந்தேகமாக இருந்தால் பூட்டவே வேண்டாம், சாதாரண ஸ்கூட்டர் போலக் காலை ஊன்றி நில்லுங்கள், பிறகு பூட்டுங்கள். பூட்டை நம்பிக் காலைக் கீழே இறக்காமல் வருவது கைதேர்ந்தவர்கள் வேலை.

கிளம்பும்போதுதான் இன்னும் கவனம். ஆக்சிலரேட்டரைத் திருகியதும் ஒரு பீப் சத்தத்தோடு பூட்டு தானே விடுபடும். அந்தக் கணத்தில் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும், கைப்பிடி நேராக இருக்க வேண்டும். சிக்னலில் திரும்பிப் பக்கத்துக்காரரிடம் பேசிக்கொண்டே கையைத் திருகினால் வண்டி நீங்கள் பார்த்த பக்கம் சாயும். இன்னொன்று, பூட்டு சாய்வை மட்டும்தான் பிடிக்கும், சக்கரத்தைப் பிடிக்காது. சரிவில் பார்க்கிங் பிரேக்கும் போட்டே ஆக வேண்டும். சின்ன 125 வகைகளில் பூட்டு இல்லாதவையும் உண்டு, வாங்கும்போதே கேளுங்கள்.

கார் ஓட்டிகளுக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. இந்த வண்டிகளில் வலது காலடியில் ஒரு பிரேக் பெடல் இருக்கும், மூன்று சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். கார் பழக்கத்தில் கால் அங்கேயே போகும். ஓடும்போது நல்லதுதான். நிற்கும்போது அதே வலது காலைத்தான் தரையிலும் வைக்க வேண்டியிருக்கும், பெடலிலிருந்து எடுத்ததும் வண்டி நகரும். அதனால் கடைசி சில மீட்டரைக் கையால்தான் முடிக்க வேண்டும். இதை வாயால் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள்: கால் விடு, கை பிடி, நேர், பூட்டு. என் மகள் வீடியோ எடுத்துச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

இது கைக்கு வந்த பிறகு வளைவு. 30 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது வலப்பக்கம் திரும்ப வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுங்கள், வண்டி தானே வலப்பக்கம் சாயும். லூனாவிலும் இதைத்தான் தெரியாமலே செய்தோம். கனமான வண்டியில் தெரிந்து செய்ய வேண்டும். எம்பி3 40 பாகை வரை சாயும் என்கிறார்கள். நமக்கு அதில் பாதி போதும்.

உடுப்பு விஷயத்தில் ஆண்கள் எழுதும் குறிப்புகளில் வராத ஒன்று, கொண்டை. பின்னந்தலையில் கொண்டை இருந்தால் ஹெல்மெட் முன்னால் தள்ளி நெற்றியில் இறங்கும், கழுத்துப்பட்டையும் சரியாக இறுகாது. பின்னலைத் தளர்வாகக் கழுத்துக்குக் கீழே விடுங்கள், சட்டைக்குள் போடுங்கள். பூவைக் கோயில் வாசலில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். துப்பட்டா வேண்டவே வேண்டாம். குங்குமம் ஹெல்மெட் பஞ்சில் ஒட்டும், ஒட்டுப் பொட்டு நல்லது. கையுறை 2016 நவம்பரிலிருந்து கட்டாயம், சிஇ என்ற ஐரோப்பிய முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 68 ஈரோ அபராதம், லைசென்ஸில் 1 புள்ளி போகும். ஹெல்மெட்டில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். மஞ்சள் மேலங்கி ஒன்று இருக்கைக்கு அடியில் இருக்கட்டும்.

மருந்துப் பெட்டியில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஆரஞ்சு என்றால் மருத்துவரைக் கேட்காமல் ஓட்டக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டவே கூடாது. சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகளில்கூட இந்தக் குறி இருக்கும், நாம்தான் பார்ப்பதில்லை. கண் பரிசோதனையும் கழுத்தும் அதே கணக்கு. தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்க முடியாவிட்டால் முதலில் கழுத்துக்குப் பயிற்சி எடுங்கள்.

ரோட்டுக்கு வருவோம். ஊரில் இடப்பக்கம் ஓட்டியவர்கள் நாம். கார் இத்தனை வருஷம் வலப்பக்கம் ஓட்டியது போதும் என்று நினைப்பீர்கள். ஆனால் கைப்பிடி கைக்கு வந்ததும் பழைய உடம்பு எழுந்து இடப்பக்கம் பார்க்கும், முக்கியமாகக் காலியான சந்தில் திரும்பும்போது. சில வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுபவருக்குத்தான் வழி.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஆரம்பிக்க நல்ல இடம் ஷாம் போர்ன் கடலோரம். தட்டை ரோடு, காலையில் கூட்டமில்லை. அடுத்து சேன் பெனுவா நாலுவழிச் சாலை. சலாசி ஏற்றம் அதற்கும் பிறகு. அங்கே மலையிலிருந்து நீர் ரோட்டில் வழியும், முன்சக்கரம் இரண்டின் அருமை அப்போது தெரியும். ஆனால் பின்சக்கரம் ஒன்றுதான், அது வழுக்கும். ஈரத்தில் ஆக்சிலரேட்டரைத் திடீரென்று திருகாதீர்கள்.

ஜூலையிலிருந்து டிசம்பர் வரை கரும்பு வெட்டு. புவா ரூழ் சர்க்கரை ஆலைக்குப் போகும், கஷலோ என்று இங்கே சொல்லும் கரும்பு லாரிகள் கரும்புத் துண்டும் மண்ணும் உதிர்த்துக்கொண்டே போகும். தூறல் விழுந்தால் அது சேறு. இரு சக்கரக்காரர் குழிக்கும் சேற்றுக்கும் நடுவே ஒரு கோடு பிடித்துப் போவார், நீங்கள் போக முடியாது. உங்கள் வண்டி 80 சென்டிமீட்டருக்கு நெருக்கமான அகலம், மூன்று தடம் போடும். ஒரு குழியைத் தப்பித்தால் இன்னொரு சக்கரம் அதில் விழும். ஒதுங்கப் பார்க்காமல் வேகத்தைக் குறைத்து நேராக ஏறி இறங்குங்கள். தெருநாய் குறுக்கே வந்தாலும் அதேதான், வண்டியை நேராக வைத்து பிரேக், வெட்டித் திருப்பாதீர்கள்.

2025 ஜனவரியிலிருந்து நடுத்தடுப்புள்ள பெரிய சாலைகளில் கார் வரிசைகளுக்கு நடுவே புகுந்து போவது சட்டப்படி சரி, 1 மீட்டர் அகலம் வரை மூன்று சக்கரத்துக்கும் உண்டு, 50-க்கு மேல் போகக்கூடாது. நான் போவதில்லை. ஓய்வு பெற்றவளுக்கு என்ன அவசரம்? தமாரேன் சாலையின் பாலங்களிலும், சேன் தெனியிலிருந்து கடல்மேல் போகும் 5.4 கிலோமீட்டர் பாலத்திலும் பக்கக் காற்று அடிக்கும். முன்பக்கம் அகலமான வண்டி என்பதால் காற்று நன்றாகத் தள்ளும். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாக விட்டு, இடைவெளி அதிகம் வைத்துப் போங்கள். காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் பேருந்து இருக்கிறது.

வண்டிப் பூசை போடுபவர்களுக்கு: எலுமிச்சம்பழம் மூன்று வாங்க வேண்டும். எங்கள் பூசாரி நாலு கொண்டுவரச் சொல்லிவிட்டு, பின்னால் போய்ப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். நசுங்கிய சாற்றைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பின்னால் ஆள் ஏற்றுவது கடைசி. தனியாக நிறுத்தவும் கிளம்பவும் யோசிக்காமல் வந்த பிறகுதான். முதலில் பூட்டு, பார்க்கிங் பிரேக், உங்கள் இரண்டு காலும் தரையில். நீங்கள் "ஏறுங்க" என்று சொன்ன பிறகே அவர் ஏற வேண்டும், இறங்குவதும் அப்படியே. வளைவில் எதிர்ப்பக்கம் சாயாமல், உங்கள் தோளுக்கு மேலே ரோட்டைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். எங்க வீட்டுக்காரர் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தாலே தரையில் பிரேக் தேடுபவர். அவரைப் போன்றவர்களை ஷாம் போர்னுக்கு மட்டும், அதுவும் காலையில், கூட்டிப் போங்கள்.