சம்ப் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கரண்ட் போனால் தண்ணீர் எங்கே நிற்கும்?

நன்னீர் மீன்தொட்டிக்குக் கீழே ஒரு பெட்டி, இரண்டு குழாய், ஒரு மோட்டார், கொஞ்சம் பஞ்சு. தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்கி, வடிகட்டி மீண்டும் மேலே அனுப்பும், வீட்டிலேயே செய்யும் சம்ப் இவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும் வரை பெரும்பாலான சம்ப்புகள் நன்றாகவே ஓடும். கரண்ட் போகும்போதும் திரும்பி வரும்போதும்தான் தண்ணீர் தரைக்கு வருகிறது. அதனால் பெட்டி வாங்கும் முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் என்று கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றையும் உப்பேறிய நிலத்தடி நீரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழே உள்ள அளவுகள் 3 அடித் தொட்டிக்கானவை: 36 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம். இதில் ஓர் அங்குலத் தண்ணீர் ஏறத்தாழ 9 லிட்டர். இந்த எண் அடிக்கடி வரும்.

திரும்பும் குழாயை ஆழமாக இறக்குவது

அதிகம் நடக்கும் தவறு இதுதான். சத்தம் வரக்கூடாது என்று, மோட்டாரிலிருந்து மேலே வரும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 4 அங்குலம் கீழே வைத்துவிடுவார்கள். மோட்டார் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறித் தண்ணீரைக் கீழே இழுக்கும். வாய் வெளியே தெரியும் வரை நிற்காது. 4 அங்குலம் என்றால் 36 லிட்டர். குழாய்களில் உள்ளதையும் சேர்த்தால் 38.

கீழே 50 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட பெட்டி இருக்கிறது என்று கொள்வோம். விளிம்பு வரை 52 லிட்டர் பிடிக்கும். அதில் 30 லிட்டர் வைத்து ஓட்டினால், கரண்ட் போன சில நிமிடங்களில் 16 லிட்டர் தரையில் இருக்கும். வாயை ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்காதீர்கள். அப்போது வருவது 11 லிட்டர்தான், பெட்டியில் 6 செ.மீ. மட்டுமே ஏறும்.

குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி 3 மி.மீ. துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பாசியோ குட்டி நத்தையோ அந்தத் துளையை அடைத்துவிடும். தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வும் அழுக்கு சேர்ந்தால் முழுதாக மூடாது. இரண்டையும் கூடுதல் காவலாக வைத்துக்கொள்ளலாம். அவற்றை நம்பிப் பெட்டியில் அதிகத் தண்ணீர் வைக்கக்கூடாது.

எதிர்ப் பக்க ஆபத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. இறங்கும் குழாயை ஓர் இலை அடைத்துக்கொண்டால், மோட்டார் பெட்டியில் உள்ளதை எல்லாம் மேலே தள்ளிவிடும். தொட்டியில் நீர்மட்டத்துக்கு மேல் ஒன்றரை அங்குலம் இடம் இருந்தால் 13 லிட்டர்தான் தாங்கும். பெட்டியிலோ 30 லிட்டர் இருக்கிறது. எனவே மோட்டாரைப் பெட்டியின் அடியில் வைக்காமல், உறிஞ்சும் வாய் ஓடும் மட்டத்துக்கு 6 செ.மீ. கீழே இருக்கும்படி ஒரு மேடை கொடுத்து ஏற்றுங்கள். 10 லிட்டர் போனதும் காற்றை இழுத்துச் சத்தம் போடும். அதைக் கேட்டு உடனே அணைத்தால் வீடும் தப்பும், மோட்டாரும் தப்பும்.

மீன் விடுவதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஓட விட்டு, பெட்டியின் வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மோட்டாரை அணைத்து, தண்ணீர் இறங்கி முடிந்ததும் இன்னொரு கோடு. மேல்கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையே குறைந்தது 4 செ.மீ. வேண்டும். பிறகு இறங்கும் குழாயைத் துணியால் அடைத்து, மோட்டார் காற்றை இழுக்கும் வரை ஓட்டிப் பாருங்கள். தொட்டி வழியக்கூடாது. இனி எப்போது தண்ணீர் சேர்த்தாலும், மோட்டார் ஓடும்போது கீழ்க்கோட்டைத் தாண்டக்கூடாது.

இறங்கும் வழி

குறித்த மட்டத்துக்கு மேல் வரும் தண்ணீரை மட்டும் இறக்கும் வழிதான் ஓவர்ஃப்ளோ. வெறும் ஓஸைத் தொட்டியில் போட்டு உறிஞ்சி விட்டால் அது ஓவர்ஃப்ளோ ஆகாது. மோட்டார் நின்றாலும் அது நிற்காது, ஓஸின் வாய் இருக்கும் ஆழம் வரை தொட்டியைக் காலி செய்யும். கண்ணாடியில் துளை போட்டு, குழாயைக் கசியாமல் பொருத்தும் டேங்க் நிப்பிள் வைப்பதே நம்பகமானது. சூடேற்றிக் கடினமாக்கிய டஃபன்ட் கண்ணாடியாக இருந்தால் துளை போடும்போதே முழுதும் நொறுங்கிவிடும், கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். துளை போட முடியாவிட்டால் பிவிசி எல்போக்களால் விளிம்பைத் தாண்டி இறங்கும் ஓவர்ஃப்ளோ செய்யலாம். மோட்டார் நின்றாலும் அதன் வளைவில் தண்ணீர் நிறைந்தே இருக்க வேண்டும். வளைவின் உச்சியில் காற்று சேர்ந்தால், கரண்ட் வந்ததும் அது இயங்காது. மேலே சொன்ன 10 லிட்டர் கணக்கு அப்போதுதான் கைகொடுக்கும்.

இறங்கும் குழாய் ஒன்றேகால் அங்குலம் இருக்கட்டும். வாயில் ஜல்லடை வையுங்கள். ஓட்டத்தைக் குறைக்க இறங்கும் பக்கம் வால்வு வைக்காதீர்கள், வால்வு வேண்டுமானால் மோட்டார் பக்கம் வையுங்கள்.

மோட்டார்

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கு உயரமே இல்லாத நிலைக்கானது. நான்கடி ஏற்றும்போது சிறிய மோட்டார்களில் அது பாதிக்கும் கீழே போய்விடும். இந்தத் தொட்டிக்கு மணிக்கு 700 லிட்டர் வந்தால் போதும். 10 லிட்டர் வாளியைக் குழாய் வாயில் பிடித்து நொடிகளை எண்ணி, 36,000ஐ அதால் வகுங்கள். 50 நொடியில் நிறைந்தால் மணிக்கு 720 லிட்டர். 35 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத பில்லில் 50 யூனிட் ஏறும், தேவைக்கு மேல் பெரியது வாங்க வேண்டாம்.

பெட்டிக்குள் எதைப் போடக்கூடாது

மெல்லிய சேமிப்புப் பெட்டி தண்ணீரின் எடையில் வயிறு தள்ளி, ஓரத்தில் விரிசல் விடும். தடித்த சுவருள்ள பழைய மீன் ஐஸ் பெட்டி நம் பக்கம் கிடைக்கும். வெந்நீரில் கழுவி, வாடை போக வெயிலில் காயவைத்தால் அருமையான சம்ப். இதிலும் சரி, மற்ற பிளாஸ்டிக் பெட்டிகளிலும் சரி, உள்ளே தடுப்பு ஒட்டச் சிலிகானை நம்பாதீர்கள். பாலித்தீன், பாலிப்ராப்பிலீனில் அது பிடிக்காமல் உரிந்து வரும். துளையிட்ட கூடைகளை உள்ளே வைத்து, இறங்கும் தண்ணீர் நேராகக் கூடைக்குள் விழும்படி செய்தால் தடுப்பே தேவையில்லை.

முதலில் பஞ்சு, அதற்குப் பிறகே மீன் கழிவின் நச்சைக் குறைக்கும் பாக்டீரியா வளரும் பொருள். வரிசை மாறினால் அழுக்கு அதன் இடுக்குகளை அடைத்துவிடும். காசு குறைவாக வேண்டுமென்றால் சோப்பு சேராத பிளாஸ்டிக் பாத்திர நார் போதும். வலை பின்னும் இடங்களில் கிடைக்கும் புதிய நைலான் துண்டுகளும் நன்றாக உதவும், தண்ணீர் புகும் வலைப்பையில் கட்டிப் போட வேண்டும், இல்லையெனில் ஒரு தங்கூசி இழை போதும், மோட்டார் விசிறி சிக்கி நின்றுவிடும். கடலுக்குப் போய் வந்த வலை வேண்டாம், டீசலும் உப்பும் ஏறியிருக்கும்.

கரையில் பொறுக்கிய பவளக்கல்லைப் போடுவது இரட்டைத் தவறு. கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, எடுப்பது குற்றம். மேலும் அது சுண்ணாம்பு. ஏற்கெனவே கடினமான நம் தண்ணீரை இன்னும் கடினமாக்கும். சிப்பி, கடல்மணலுக்கும் இதே கதைதான்.

ஆவியாகும் தண்ணீருக்கு ஈடு

சம்ப் வைத்தால் ஆவியாவது கூடும். தொட்டியின் மட்டம் குறையாது, மோட்டார் இருக்கும் பெட்டியில்தான் குறையும். ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அதை உப்புப் போர் தண்ணீரால் ஈடுகட்டினால் மாதாமாதம் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஈடுகட்ட மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ மட்டும் ஊற்றுங்கள். வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது போர் தண்ணீரும் கொஞ்சம் கலக்கலாம், சுத்த மழைநீரே முழுக்க இருந்தால் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) சரியும். மாலி, கப்பி மீன்கள் கடினத் தண்ணீரில் வாழும். டெட்ரா வகைகளுக்கு அது ஆகாது.

காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும். திறந்த டிரம்மில் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்துப் பயன்படுத்துங்கள். நாரையும் பஞ்சையும் அந்தக் குழாயடியில் அலசினால் பாக்டீரியா செத்துவிடும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள்.

சம்ப் ஓடத் தொடங்கியதும் மீன்களை நிறைத்துவிடாதீர்கள். பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 8 உள்ள தண்ணீரில் நச்சாக நிற்கும் அம்மோனியாவின் பங்கு, பிஎச் 7இல் இருப்பதைப்போல ஏறத்தாழ 9 மடங்கு. வேறு ஊரில் தாங்கும் அளவு இங்கே மீனைக் கொல்லும்.

உப்புக் காற்றும் நீண்ட மின்தடையும்

இரும்பு ஓஸ் கிளிப் துருப்பிடித்து ஒருநாள் அறுந்துவிடும், பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள். பிளக் ஊசியில் பச்சை படிந்தால் சூடேறும், மாதம் ஒருமுறை அணைத்துவிட்டுத் துடையுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும், வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் சம்ப் ஓட்டாதீர்கள். எங்கே மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம்.

புயல் காலத்தில் கரண்ட் பல மணி நேரம் போனால், அசையாத தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, கூடையில் பாக்டீரியா அழுகத் தொடங்கும். வாய்ப்பிருந்தால் பேட்டரி ஏர் பம்பின் குமிழி விடும் கல் ஒன்றைத் தொட்டியிலும் இன்னொன்றைச் சம்ப்பிலும் போடுங்கள். அப்படி வைக்காத சம்ப்பில் வாடை வந்தால், கரண்ட் வந்தவுடன் மோட்டாரைப் போடாதீர்கள். பிளக்கை முன்பே பிடுங்கி வைத்திருங்கள். பெட்டித் தண்ணீரை முழுதும் கொட்டி, நாரைத் தொட்டித் தண்ணீரில் அலசி, கீழ்க்கோடு வரை நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகு ஓட்டுங்கள்.