கழற்றும் பேட்டரி போனுக்கு எக்ஸ்டெண்டட் பேட்டரி: வாங்குவது, மாட்டுவது, சோதிப்பது

சாம்சங் கேலக்ஸி எஸ்5 போல, நகத்தால் நெம்பினால் பின்பக்கம் கழன்று வரும் போன் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. 2014இல் வந்த போன்தான், ஆனாலும் பாட்டுக் கேட்க, படம் பார்க்க, ஸ்கூட்டரில் வழி பார்க்க இன்றைக்கும் போதும். சார்ஜ்தான் நிற்காது. அதன் சொந்தப் பேட்டரி 2800 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). இப்படிப்பட்ட போனுக்கு எக்ஸ்டெண்டட் பேட்டரி போடுவதை ஆரம்பத்தில் இருந்து பார்ப்போம். உதாரணத்துக்கு எஸ்5ஐ வைத்துக்கொள்கிறேன். எஸ்3, எஸ்4, நோட் 2, நோட் 3, நோட் 4 வைத்திருப்பவர்களுக்கும் முறை ஏறக்குறைய இதேதான்.

எக்ஸ்டெண்டட் பேட்டரி என்பது பழைய பேட்டரியின் குழியிலேயே உட்கார்ந்து, பின்பக்கம் தடிமனாகத் துருத்தி நிற்கும் பெரிய பேட்டரி. பழைய பேக் பேனல் அதன்மேல் மூடாது. அதனால் உள்ளே ஆழமான புதுப் பேனல் ஒன்றையும் சேர்த்தே விற்பார்கள். பேனல் இல்லாமல், பழைய அளவிலேயே, "5600 எம்ஏஎச்" என்று தங்க நிற ஸ்டிக்கரோடு வருவதைத் தொடவே வேண்டாம். அதே குழிக்குள் இரண்டு மடங்கு மின்சாரத்தை அடைக்க முடிந்திருந்தால் போன் கம்பெனியே அடைத்திருக்கும்.

படி 1: ஸ்டிக்கரைப் படியுங்கள்

முதலில் உங்கள் பழைய பேட்டரியைக் கழற்றி அதில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். எம்ஏஎச் எண்ணைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம் வோல்ட். எஸ்5 பேட்டரியில் 3.85 வோல்ட் என்றும், சார்ஜ் ஏற்றும் உச்ச வரம்பு 4.4 வோல்ட் என்றும் இருக்கும். போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சர்க்யூட் அந்த 4.4 வரை ஏற்றத்தான் பார்க்கும், நீங்கள் எந்தப் பேட்டரியைப் போட்டிருக்கிறீர்கள் என்று விசாரிக்காது. வாங்கப்போகும் பேட்டரியில் 3.7 வோல்ட், உச்சம் 4.2 வோல்ட் என்று போட்டிருந்தால் அதன் தாங்கும் அளவுக்கு மேல் ஏறும். பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட் நன்றாக இருந்தால் நடுவில் துண்டித்துவிடும். மட்டமானதாக இருந்தால் சூடாகும், உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். இரண்டு வோல்ட் எண்களும் பழையதோடு பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

இந்தியாவில் முறையாக விற்கும் லித்தியம் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதையும் தேடிப் பாருங்கள்.

ஸ்டிக்கரில் இன்னொன்றும் இருக்கலாம்: என்எஃப்சி, அதாவது இன்னொரு சாதனத்தைத் தொட்டாலே இணைக்கும் வசதி. அந்தக் காலத்து சாம்சங் போன்கள் பலவற்றில் என்எஃப்சி ஆன்டெனா போனில் இல்லை, பேட்டரியின் ஸ்டிக்கருக்கு அடியில் ஒட்டியிருக்கும். விலை மலிவான எக்ஸ்டெண்டட் பேட்டரியில் அது இருக்காது. தொட்டால் இணையும் ஸ்பீக்கர், ஹெட்போன் எதுவும் உங்களிடம் இல்லையென்றால் இதை விட்டுவிடலாம்.

படி 2: தராசில் வையுங்கள்

ஸ்டிக்கரில் யாரும் எதையும் அச்சடிக்கலாம், எடையில் அப்படி ஏமாற்றுவது கஷ்டம். எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் அவர் கிடைக்கும். பேட்டரி உண்மையில் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு அது. எஸ்5இன் சொந்தப் பேட்டரிக்கு 2800 × 3.85, அதாவது 10.78 வாட் அவர். 7500 எம்ஏஎச் என்று சொல்லும் எக்ஸ்டெண்டட் பேட்டரிக்கு 28.9 வாட் அவர்.

போன் பேட்டரிகளில் ஒரு வாட் அவருக்கு நான்கு முதல் ஐந்து கிராம் வரை எடை வரும். ஆக அந்த 7500 உண்மையானால் பேட்டரி மட்டும் குறைந்தது 115 கிராம் இருக்க வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசே போதும். 70 கிராம்தான் காட்டுகிறது என்றால் உள்ளே 4000 சொச்சம்தான் இருக்கிறது. கடையில் நேரில் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரித்த உடனே எடை போடுங்கள், திருப்பி அனுப்பும் நாள் தாண்டிவிடக் கூடாது.

படி 3: பேனலை ஆராயுங்கள்

பேட்டரியைவிடப் பேனலில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். எஸ்5இல் ஸ்பீக்கர் பின்பக்கம் கீழே இருக்கிறது. கேமராவுக்கு அடியில் ஃபிளாஷும் இதயத் துடிப்பு சென்சாரும் இருக்கின்றன. மூன்றுக்கும் சரியான இடத்தில் திறப்பு வேண்டும். தடித்த பேனலில் கேமரா கிணற்றுக்குள் போனதுபோல் உள்ளே தள்ளி இருக்கும். அந்தத் திறப்பின் உள்விளிம்பு வெள்ளையாகவோ பளபளப்பாகவோ இருந்தால் ஃபிளாஷ் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, இரவுப் படங்களில் மூடுபனி மாதிரி ஒரு வெண்மை படியும். உள்விளிம்பு மங்கலான கறுப்பாக இருப்பதையே எடுங்கள்.

எஸ்5 தண்ணீர் தாங்கும் போன். ஆனால் அந்தத் திறமை அதன் சொந்தப் பேனலின் உள்ளே ஓடும் ரப்பர் விளிம்பில்தான் இருக்கிறது. புதுப் பேனல் போட்ட நிமிடமே அது போய்விடும். மழையில் ஸ்கூட்டர் ஹோல்டரில் வைத்து ஓட்டும் ஆளாக இருந்தால் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். ஹோல்டர் இந்தத் தடிமனுக்கு விரியுமா என்பதையும்தான்.

படி 4: மாட்டுவது

போனை அணையுங்கள். திரையை மட்டும் அணைப்பது இல்லை, முழுதாக ஆஃப். சார்ஜர் வயரையும் கழற்றிவிடுங்கள்.

பவர் பட்டன் பக்கம் மேல் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் நகத்தை விட்டு நெம்பி, விளிம்பைச் சுற்றி மெதுவாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். பேட்டரி அடிப்பக்கம் இருக்கும் இடைவெளியில் விரல் கொடுத்துத் தூக்கினால் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவர், கத்தி எதுவும் கிட்டேகூட வர வேண்டாம். லித்தியம் பேட்டரியில் கீறல் விழுவது ஆபத்து.

சிம்மும் மெமரி கார்டும் மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். அப்புறம் குழியின் மேல் விளிம்பில் இருக்கும் பொன்னிறப் பின்களைப் பாருங்கள். பல வருடம் ஓடிய போனில் அவை மங்கி, கறுத்து இருக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். வளைந்துவிடாமல் ஒரே பக்கமாகத் துடையுங்கள். பாதி நேரம் "பேட்டரி போட்டும் போன் ஆன் ஆகலை" என்பதற்குக் காரணம் இந்த அழுக்குதான்.

புதுப் பேட்டரியின் தொடுமுனைகளைப் பின்களோடு ஒட்ட வைத்து, முதலில் அந்த முனையை உள்ளே தள்ளி, பிறகு அடிப்பக்கத்தை அழுத்துங்கள். விரலால் அசைத்துப் பாருங்கள். நீளவாக்கில் ஆடினால் குலுங்கும்போதெல்லாம் போன் தானாக அணைந்து எழும். நான்காக மடித்த ஒரு காகிதத் துண்டைப் பின்களுக்கு எதிர்ப்பக்கம் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். பின்கள் இருக்கும் மேல்பக்கம் மட்டும் வேண்டாம். கடைசியாகப் பேனலைச் சுற்றிலும் அழுத்துங்கள், ஒவ்வொரு கொக்கியும் டிக் என்று உட்கார வேண்டும். ஒரு மூலை எழும்பியே நின்றால் பலம் கொடுக்காதீர்கள். பேட்டரி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

படி 5: முதல் சார்ஜ்

எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டே ஆக வேண்டும் என்ற கதை பழைய நிக்கல் பேட்டரிகளோடு முடிந்துவிட்டது. நூறு சதவீதம் ஏறினால் போதும். ஆனால் நல்ல சார்ஜர் வேண்டும். கம்ப்யூட்டரின் பழைய யூஎஸ்பி 2.0 துளையில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட்தான் வரும். அதில் 28.9 வாட் அவர் ஏற்ற, வீணாவதையும் சேர்த்தால் பதின்மூன்று மணி நேரம் ஆகும். 2 ஆம்பியர் சார்ஜரில் நான்கு மணி நேரத்துக்கு மேல். முதல் முறை ஏற்றும்போது தலையணைக்கு அடியில் வைக்காமல், கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே வயரைப் பிடுங்குங்கள்.

சதவீதம் கொஞ்ச நாள் தப்பாகக் காட்டும். போன் பழைய பேட்டரியின் நடத்தையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. 1 சதவீதத்தில் வெகுநேரம் ஓடினால் பயப்பட வேண்டாம். ஒருமுறை தானாக அணையும் வரை பயன்படுத்தி, அணைந்த நிலையிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். சாம்சங்கின் சொந்த மென்பொருள் இருந்தால் டயல் பேடில் *#0228# அடித்துப் பேட்டரி வோல்ட்டை நேரடியாகவே பார்க்கலாம். முழுச் சார்ஜில் 4.3க்கு மேல் காட்ட வேண்டும். சதவீதத்தைச் சரிசெய்வதாகச் சொல்லும் பேட்டரி கேலிப்ரேஷன் ஆப்களை இறக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை பேட்டரிஸ்டாட்ஸ் என்ற கோப்பை அழிக்கும், அவ்வளவுதான். அந்தக் கோப்புக்கும் சதவீதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆண்ட்ராய்டு குழுவின் டயான் ஹாக்போர்னே விளக்கிவிட்டார்.

படி 6: உண்மையா என்று அளப்பது

தராசு சோதனை தாண்டினாலும் சந்தேகம் இருந்தால், சார்ஜருக்கும் வயருக்கும் நடுவே மாட்டும் யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். போன் தானாக அணைந்த பிறகு மீட்டரைப் பூஜ்யமாக்கி, போனை ஆன் செய்யாமல் முழுதாக ஏற்றி, வாட் அவர் எண்ணைப் படியுங்கள். போகும் வழியில் கொஞ்சம் வீணாகும் என்பதால் மீட்டர் எண் பேட்டரி எண்ணைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். 28.9 என்று விற்றதற்கு மீட்டர் 33 வாக்கில் காட்டினால் நேர்மையான சரக்கு. 16 காட்டினால் படம் பிடித்து விற்றவருக்கு அனுப்புங்கள்.

பின்பக்கம் திறக்காத போன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. உள்ளே இடம் இல்லாததால், பிரித்துப் பெரிய பேட்டரி போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். தேய்ந்த பேட்டரிக்குப் பதில் அதே அளவுப் புதியதைச் சர்வீஸ் சென்டரில் மாற்றுவதும், கூட ஒரு பவர் பேங்க் வைத்துக்கொள்வதும்தான் அவர்களுக்குச் சரிப்படும். 10000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் இருந்து போனுக்கு வந்து சேர்வது சுமார் 6000 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய பேட்டரி நன்றாக இருந்தால் பாதிச் சார்ஜில், தொடுமுனைகள் மேல் டேப் ஒட்டி, சாவி, சில்லறை இல்லாத இடத்தில் வையுங்கள். மேசையில் படுக்க வைத்துச் சுழற்றினால் பம்பரம் போல் சுற்றுகிறதா? உப்பிவிட்டது. குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.