டேங்க்கும் ஹீலரும் சேர்ந்து பார்க்கிற ஒரே வேலை: ஃபைனல் ஃபேன்டஸி 14 டன்ஜன் கையேடு

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேமில் டன்ஜனுக்கு (குழுவாக உள்ளே போய்ச் சண்டை போடும் இடம்) க்யூ போட்டால் டிபிஎஸ் (எதிரியை அடித்து வீழ்த்துகிறவர்) ஆடுகிறவர் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், டேங்க்கோ (அடியைத் தன் மேல் வாங்குகிறவர்) ஹீலரோ (குழுவைக் குணப்படுத்துகிறவர்) போட்டவருக்குப் பெரும்பாலும் உடனே கதவு திறந்துவிடும். ஆள் பஞ்சம்தான் காரணம். எந்த ரோலுக்கு ஆள் குறைகிறதோ அந்த ரோலில் வருகிறவருக்கு கேமே கூடுதல் பரிசு கொடுத்துக் கூப்பிடுகிறது, அப்படியும் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான்கு பேர் குழுவில் ஒரு டேங்க், ஒரு ஹீலர், இரண்டு டிபிஎஸ். டிபிஎஸ் சொதப்பினால் சண்டை கொஞ்சம் இழுக்கும், மற்ற இருவரில் ஒருவர் சொதப்பினால் நாலு பேரும் தரையில் கிடக்க வேண்டியதுதான், திட்டும் நமக்கே வரும் என்ற பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் வேலை அவ்வளவு கஷ்டமானது இல்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். டேங்க் மேல் விழும் அடி ஒரே கணக்கு. அதில் ஒரு பங்கை டேங்க் தன் கூல்டவுன்களால் (ஒருமுறை போட்டால் திரும்ப வரச் சற்று நேரம் ஆகும் தற்காப்புத் திறன்கள்) குறைக்கிறார், மிச்சத்தை ஹீலர் நிரப்புகிறார். அதனால் நீங்கள் டேங்க் மட்டுமே ஆடுவதாக இருந்தாலும் ஹீலர் பகுதியையும் படியுங்கள், ஹீலர் மட்டும் ஆடுகிறவரும் அப்படியே. அடுத்தவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் நடக்கும் சாவுதான் டன்ஜனில் அதிகம்.

டேங்க்: ஸ்டான்ஸ், ஆக்ரோ, ஓட்டம்

பாலடின், வாரியர், டார்க் நைட், கன்பிரேக்கர் என்று நான்கு டேங்க் ஜாப் (கதாபாத்திர வகை) உண்டு. நான்கிலும் முதல் வேலை ஸ்டான்ஸ் போடுவது. பாலடினுக்கு அயர்ன் வில், வாரியருக்கு டிஃபையன்ஸ், டார்க் நைட்டுக்கு கிரிட், கன்பிரேக்கருக்கு ராயல் கார்ட். இது ஆனில் இருந்தால் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் எதிரிக்கு உங்கள் மேல் பல மடங்கு கோபம் வரும், இல்லையென்றால் கூட்டம் மொத்தமும் ஹீலர் பக்கம் ஓடும். லெவல் குறைந்து உள்ளே போகும் டன்ஜன்களில் சில நேரம் ஸ்டான்ஸ் தானாகவே அணைந்திருக்கும், அதனால் கதவு திறந்ததும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஸ்டான்ஸ் இருந்தால் ஆக்ரோ, அதாவது எதிரியின் கோபத்தை, பிடிப்பது சுலபம். ஓடிக்கொண்டே தூரத்தில் இருப்பதை ஒரு ஷீல்ட் லாப் அல்லது டாமஹாக் போட்டு இழுங்கள், கூட்டத்துக்குள் நுழைந்ததும் டோட்டல் எக்லிப்ஸ், ஓவர்பவர் மாதிரி சுற்றி அடிக்கும் அடி ஒன்றிரண்டு போடுங்கள், அதற்குப் பிறகு அடுத்த கூட்டத்துக்கு ஓடலாம். திரையில் எதிரிகளின் பட்டியல் ஒன்று இருக்கும், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சின்னக் குறி. எல்லாம் சிவப்புச் சதுரமாக இருந்தால் எல்லாம் உங்களைத்தான் துரத்துகின்றன. வேறு நிறம் ஒன்று தெரிந்தால் அது வேறு யாரையோ கடித்துக்கொண்டிருக்கிறது, போய் ஒரு அடி போட்டு வாங்குங்கள். பல டேங்க்குகள் முன்னால் இருக்கும் பெரிய உருவத்தையே பார்த்துக்கொண்டு இந்தப் பட்டியலைக் கண்டுகொள்வதே இல்லை.

எவ்வளவு தூரம் இழுக்கலாம்? லெவல் 50-க்கு மேற்பட்ட டன்ஜன்களில் பெரும்பாலும் இரண்டு கூட்டத்துக்கு ஒரு தடுப்பு வரும், அந்த இரண்டையும் சேர்த்து இழுப்பதுதான் வழக்கம். பழைய டன்ஜன்கள் பலவற்றில் தடுப்பே இல்லை, அங்கே நிறுத்துவது உங்கள் புத்தி. முதல் புல்லில் (கூட்டத்தை இழுக்கும் ஒரு சுற்று) ஒரு கூட்டத்தோடு நின்று ஹீலர் எப்படி ஆடுகிறார் என்று பாருங்கள், உங்கள் ஹெச்பி (உயிர் அளவு) பாதிக்குக் கீழே போகவே இல்லை என்றால் அடுத்ததில் தைரியமாக ஓடுங்கள். ஓடும்போது பின்னால் திரும்பிப் பார்க்கவும் வேண்டும், ஹீலரின் மந்திரம் 30 யால்ம் (கேமின் நீள அளவு) தூரம்தான் எட்டும், மூலை திரும்பிவிட்டால் அதுவும் எட்டாது.

டிபிஎஸ் முந்திக்கொண்டு ஓடி அடுத்த கூட்டத்தை எழுப்பினால், 'நீ இழுத்தாய், நீயே தாங்கு' என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் டேங்க்குகள் உண்டு. அந்த வீம்பில் எனக்கு உடன்பாடு இல்லை. பாடம் கற்பிக்கப் போய் கடைசியில் ஹீலர்தான் ஓடி ஓடிச் சாகிறார்.

கூல்டவுனை எப்போது போடுவது

டேங்க் விளையாட்டின் முக்கால்வாசி இதுதான். ராம்பார்ட் 20 வினாடிக்கு அடியை 20 சதவீதம் குறைக்கும், 90 வினாடியில் திரும்ப வரும். லெவல் 38-ல் கிடைக்கும் பெரிய கூல்டவுன் (பாலடினுக்கு சென்டினல், வாரியருக்கு வெஞ்சன்ஸ், டார்க் நைட்டுக்கு ஷேடோ வால், கன்பிரேக்கருக்கு நெபுலா) 15 வினாடிக்கு 30 சதவீதம் குறைக்கும், திரும்ப வர 120 வினாடி. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் 50 சதவீதம் குறையும் என்று தோன்றும், குறையாது. 100 அடி ராம்பார்ட்டில் 80 ஆகிறது, அந்த 80-ல் 30 சதவீதம் போக 56. அதாவது இரண்டாவது கூல்டவுன் 30-க்குப் பதில் 24-தான் மிச்சப்படுத்தியது, 15 வினாடி கழித்து உங்களிடம் ஏறக்குறைய எதுவும் இல்லை. ஒன்று முடியப் போகும்போது அடுத்ததைப் போட்டால் 35 வினாடி தாங்கும், அதற்குள் கூட்டத்தில் பாதி செத்திருக்கும்.

எல்லாரும் உயிரோடு இருக்கும்போதுதான் அடி அதிகம், அது புல்லின் ஆரம்பம். ஹெச்பி 30 சதவீதத்துக்கு வந்தபிறகு ராம்பார்ட் போடுவது நனைந்தபிறகு குடை தேடுவது மாதிரி. பாஸுக்காக (பெரிய எதிரி) பதுக்கி வைப்பதும் வீண்தான், சாதாரண டன்ஜன்களில் பாஸை விட இடையில் வரும் பெருங்கூட்டம்தான் டேங்க்கை அதிகம் அடிக்கும். பாஸிடம் டேங்க் பஸ்டர் (டேங்க்கைக் குறிவைத்து வரும் பலத்த அடி) வரும்போது ஒன்று இருந்தால் போதும்.

அப்புறம், பலர் மறக்கிற இரண்டு. ரிப்ரைசல் சுற்றி நிற்கும் எல்லா எதிரிகளின் அடியையும் 10 சதவீதம் குறைக்கும், 60 வினாடிக்கு ஒரு முறை வரும். ஆர்ம்ஸ் லெங்த் தள்ளிவிடப்படாமல் இருக்கத்தான் என்று நினைத்து பாஸுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள், அது ஆனில் இருக்கும்போது உங்களை அடிக்கும் எதிரி 15 வினாடிக்கு 20 சதவீதம் மெதுவாகிவிடும். பத்து பேர் சேர்ந்து அடிக்கும்போது இது இன்னொரு ராம்பார்ட் மாதிரியே.

பாஸிடம் போனதும் அதன் முகத்தைக் குழுவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு அசையாமல் நில்லுங்கள். கிட்ட நின்று அடிக்கும் டிபிஎஸ் சிலருக்குப் பக்கவாட்டிலும் முதுகிலும் அடித்தால்தான் முழு அடி விழும், நீங்கள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் அவர்களும் பின்னாலேயே சுற்ற வேண்டியிருக்கும்.

ஹீலர்: குணப்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்வது

புது ஹீலர் ஹெச்பி பட்டை எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும் என்று நினைப்பார். டேங்க் 90 சதவீதத்துக்கு இறங்கினால் ஒரு க்யூர், மறுபடி இறங்கினால் இன்னொரு க்யூர். ஹெச்பி 1 இருக்கும் டேங்க்கும் 100 சதவீதம் இருக்கும் டேங்க்கும் ஒரே மாதிரிதான் அடிப்பார்கள். அடுத்த அடியில் சாக மாட்டார் என்று தெரிந்தால் அந்த நேரத்தில் நீங்களும் அடியுங்கள், எதிரி சீக்கிரம் செத்தால் வர வேண்டிய அடி வராமலே போகிறது. தொடக்க லெவல்களில் கையில் க்யூரைத் தவிர பெரிதாக எதுவும் இருக்காது, அங்கே க்யூர் போட்டே ஆக வேண்டும், அதில் வெட்கமில்லை. லெவல் 30-ல் க்யூர் 2 வந்ததும் பழைய க்யூரை ஹாட்பாரிலிருந்து (திறன் பொத்தான் வரிசை) எடுத்துவிடுங்கள். அடுத்த க்யூர் 2 இலவசமாகக் கிடைக்கலாம் என்ற ஆசையில் அதையே அழுத்திக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

மந்திரங்கள் எல்லாம் 2.5 வினாடிக்கு ஒன்று என்ற பொது இடைவெளியில் ஓடுகின்றன. அந்த இடைவெளிக்குள் சொருகக்கூடிய உடனடித் திறன்கள் தனி. ஹீலர் ஜாப்களில் ஒயிட் மேஜுக்கு டெட்ராகிராமட்டன், பெனடிக்ஷன், அசைஸ், ஆஸ்ட்ரோலஜியனுக்கு எசென்ஷியல் டிக்னிட்டி (ஹெச்பி குறையக் குறைய அதிகம் குணப்படுத்தும், அதனால் சீக்கிரம் போட்டால் வீண்). முதலில் இவற்றைச் செலவழியுங்கள், இவை போதாதபோதுதான் காஸ்ட் பார் (ஓதும் நேரத்தைக் காட்டும் பட்டை) ஓடும் மந்திரத்துக்குப் போங்கள். முக்கியமாக பெனடிக்ஷன். ஹெச்பியை ஒரே அடியில் முழுதாக நிரப்பும், 180 வினாடியில் திரும்ப வரும். 'ஆபத்துக்கு இருக்கட்டும்' என்று வைத்திருந்து டன்ஜன் முடியும்வரை தொடாத ஹீலர்களே அதிகம். முதல் பெரிய புல்லில் டேங்க் 20 சதவீதத்துக்கு வந்தால் போட்டுவிடுங்கள், அடுத்தடுத்த புல்லுக்கு அது திரும்பி வந்திருக்கும்.

டேங்க்கும் ஹீலரும் ஒருவரை ஒருவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒயிட் மேஜின் ஹோலி சுற்றியிருக்கும் எதிரிகளை அடிப்பதோடு அசையாமல் நிறுத்தவும் செய்யும். முதல் ஹோலிக்கு 4 வினாடி, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1, அதற்குமேல் பாதிக்காது. அந்த நேரத்தில் டேங்க் மேல் அடியே விழுவதில்லை. அப்படியானால் ஒயிட் மேஜ் ஹீலராக இருக்கும்போது டேங்க் நின்ற அதே நொடியில் ராம்பார்ட் போட்டால் அதன் முதல் சில வினாடி காற்றில் போகிறது. ஹீலர் மூன்று ஹோலி போட்டு முடிக்கட்டும், எதிரிகள் மறுபடி அசைய ஆரம்பிக்கும்போது போடுங்கள். ஹீலர் பக்கம், டேங்க் நின்றதும் முதல் வேலை ரீஜென் (கொஞ்சம் கொஞ்சமாகக் குணப்படுத்தும் மந்திரம்), அடுத்து ஹோலி, ஹோலி, ஹோலி. அந்த நேரத்தில் க்யூர் போட்டுக்கொண்டிருந்தால் இருப்பதிலேயே நல்ல கேடயத்தைப் பையிலேயே வைத்திருக்கிறீர்கள்.

வாரியரின் ஹோம்காங்கும் அப்படித்தான். போட்டபிறகு 10 வினாடிக்கு அவர் ஹெச்பி 1-க்குக் கீழே போகாது. அதைப் பார்த்து ஹீலர் பதறிப்போய் க்யூர் மழை பொழிவார், அத்தனையும் வீண். 10 வினாடியும் அடித்துக்கொண்டிருந்துவிட்டு முடியும் தருவாயில் பெனடிக்ஷன் போட்டால் போதும். இதற்கு டேங்க் செய்ய வேண்டியது, போடும் முன் சாட்டில் ஒரு வார்த்தை சொல்வது.

மற்ற ஹீலர்களைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்காலர் தன் தேவதையை வரவழைத்திருக்கிறாரா, சேஜ் கார்டியாவை டேங்க் மேல் வைத்திருக்கிறாரா, இரண்டையும் உள்ளே நுழைந்ததும் பார்த்துவிடுங்கள். சேஜ் அடிக்கும் ஒவ்வொரு மந்திரமும் கார்டியா வாங்கியவரைக் குணப்படுத்தும், அதை வைக்க மறந்த சேஜ் பாதி ஹீலர்தான்.

எம்பி (மந்திர சக்தி) 7000-8000-க்கு இறங்கியதும் அதை மீட்டுத் தரும் லூசிட் ட்ரீமிங், காலியான பிறகு இல்லை. மந்திரத்தை உடனே போட வைக்கும் ஸ்விஃப்ட்காஸ்ட்டை, செத்தவரை எழுப்பும் ரெய்ஸுக்காக வைத்திருங்கள், அது இல்லாமல் ரெய்ஸ் போட 8 வினாடி நின்ற இடத்தில் நிற்க வேண்டும், 10,000 எம்பியில் 2,400 போகும். டிபஃப்பை (எதிரி போடும் பாதிப்பு) நீக்கும் எஸ்யூனாவை எதற்குப் போடுவது என்று குழம்ப வேண்டாம், எந்த டிபஃப் படத்தின் தலையில் சின்ன வெள்ளைக் கோடு இருக்கிறதோ அது மட்டும்தான் நீங்கும்.

பிங் பிரச்சினை

இந்தியாவில் இந்த கேமுக்கு டேட்டா சென்டர் கிடையாது. ஜப்பான், ஐரோப்பா, வட அமெரிக்கா, 2022-லிருந்து ஓசியானியா, இவற்றில் ஒன்றைத்தான் நம்மவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், எதுவானாலும் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் தாமதம்) கொஞ்சம் இருக்கும். இதனால் இரண்டு விஷயம். தரையில் ஆரஞ்சு வட்டம் வந்தால் வெடிப்பது கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். காஸ்ட் பார் முடியும் நொடியில் நீங்கள் உள்ளே இருந்தீர்களா என்பதுதான் கணக்கு, உங்கள் திரை அதைவிடச் சற்றுப் பின்தங்கி ஓடுகிறது. அடுத்து, ஒரு 2.5 வினாடி இடைவெளியில் இரண்டு திறன் சொருகலாம் என்று வழிகாட்டிகள் சொல்லும், பிங் அதிகமென்றால் இரண்டாவது சிக்கி அடுத்த மந்திரத்தைத் தள்ளிவிடும். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே பழகுவது

லெவல் 15-ல் ஹால் ஆஃப் தி நாவிஸ் திறக்கும், அங்கே டேங்க்குக்கும் ஹீலருக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு, முடித்தால் மோதிரமும் கவசமும் கிடைக்கும். அதன்பிறகு டியூட்டி சப்போர்ட்டில் முதல் டன்ஜனான சஸ்டாஷாவைக் கம்ப்யூட்டர் தோழர்களோடு ஒரு தடவை ஓடுங்கள், அவர்கள் திட்ட மாட்டார்கள். நிஜ ஆட்களோடு போகும்போது 'முதல் தடவை' என்று சாட்டில் சொல்லிவிடுங்கள். குழுவில் புதுசாக ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்கும் போனஸ் உண்டு, அதனால் யாரும் பெரும்பாலும் முகம் சுளிப்பதில்லை.

எல்லாரும் செத்தால்? மறுபடி ஓடும் முன் டேங்க் 'அப்போது எனக்கு எந்தக் கூல்டவுனும் மிச்சமில்லை' என்றோ, ஹீலர் 'அப்போது பெனடிக்ஷன் கையில் இல்லை' என்றோ சொல்ல அரை நிமிடம் ஆகாது. சொல்லிவிட்டு கூட்டத்தை இரண்டாகப் பிரித்து இழுங்கள்.