குளத்தில் நாரை நிறைய நிற்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்

"பறவையெல்லாம் குறையுது என்கிறீங்கள், அங்க பாருங்கோ குளம் நிறைய நிற்குது" என்று குளக்கட்டில் வைத்துச் சொல்லாத ஆளில்லை. நிறைய நிற்பதே சிலவேளை கெட்ட செய்திதான். ஆவணி புரட்டாசியில் சின்னக் குளங்கள் காய்ந்ததும் அங்கிருந்த பறவைகளெல்லாம் இரணைமடு, கட்டுக்கரை மாதிரிப் பெரிய குளங்களில் மிஞ்சிய தண்ணீரில் வந்து குவியும். ஆகவே எத்தனை நின்றது என்பதோடு தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். ஒரே குளம், ஒரே இடம், விடிந்ததும் அதே நேரம், மாதம் இரண்டு தடவை போதும். கட்டைவிட்டு உள்ளே இறங்க வேண்டாம். யானை மட்டுமல்ல, மிதிவெடி பயமும் சில இடங்களில் இன்னும் இருக்கிறது.

அடுத்தது இளசுகள். என்னைக் கேட்டால் மொத்தத் தொகையைவிட இதுதான் முக்கியம். வளர்ந்த மஞ்சள்மூக்கு நாரைக்கு வால்பக்கம் இளஞ்சிவப்பு தெரியும், இளசு முழுக்க மங்கல் சாம்பல். இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். நாரை பல வருடம் வாழும், அதனால் குஞ்சே பொரிக்காவிட்டாலும் எண்ணிக்கை சில காலம் அப்படியே நிற்கும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்க் கிழவனும் கிழவியும் மட்டும் இருக்கிற வீட்டிலும் விளக்கு எரியும்தானே, அதுபோல.

பருமனையும் பாருங்கள், தொகை விழுவதற்கு முன்பே உடல் சிறுக்கத் தொடங்கலாம். 1905 இல் பிடிபட்டவற்றைவிட 1980களில் பிடிபட்ட எண்ணெய்த் திமிங்கிலங்கள் சராசரியாக 4 மீற்றர் குட்டை என்று பழைய வேட்டைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 2017 இல் எழுதினார்கள். நம் குளத்து விராலையும் அப்படி அளக்கலாம், ஆனால் வலைக்கண் மாறினால் மீனின் பருமனும் மாறித் தெரியும் என்பதால் அதையும் குறியுங்கள்.

கடைசியாக, ஒரு கெட்ட வருடத்துக்குப் பிறகு பறவைகளின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாக மீள்கிறது? முன்பு வறட்சிக்கு அடுத்த மாரியிலேயே பழைய அளவுக்கு வந்தது, இப்போது அதேமாதிரி வறட்சிக்கு இரண்டு மூன்று மாரி எடுக்கிறது, அல்லது வருடத்துக்கு வருடம் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது என்றால் உஷாராகுங்கள். ஒரு வருடக் குறைவை மட்டும் வைத்துக் கத்தாதீர்கள், பறவை வேறு குளத்துக்குப் போயிருக்கும். இதைப் பிடிக்க ஐந்தாறு வருடக் கொப்பி வேண்டும், சரி, வருகிற ஜனவரியில் தொடங்குங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பதும் அந்த மாதத்தில்தான்.