போர்ப் படத்தை இருவர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானியர் படையெடுத்தபோது பாட்டன் பாட்டி 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் போய்ச் சேர்ந்த கதையைப் படமாக்கும் ஆசை பர்மாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்றும் இருக்கிறது. இருவராக உட்கார்ந்து எழுதுகிறார்கள், முன்னால் எழுதியவர்கள் இடறிய இடத்திலேயே இடறுகிறார்கள். வசன நீளம், பக்க அமைப்பு எல்லாம் எந்த உதவி இயக்குநரும் சொல்லித் தருவார். மற்றவற்றைப் பார்ப்போம்.

“நீ சண்டையை எழுது, நான் குடும்பத்தை எழுதுறேன்”

இந்தப் பேச்சைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆளுக்கு ஐம்பது பக்கம் எழுதி ஒட்டிப் பார்க்கும்போதுதான் வினை தெரியும். குடும்பம் எழுதியவர், 1941 டிசம்பர் 23 குண்டுவீச்சில் ரங்கூனை விட்டு ஓடிய ஹார்பர் தொழிலாளியை அடுத்த வாரமே மணிப்பூரின் இம்பாலில் நிறுத்தியிருப்பார். சண்டை எழுதியவரோ, 1942 பிப்ரவரி 23-ல் சித்தாங் பாலம் தகர்க்கப்படும்போது அதே ஆளை ஆற்றங்கரையில் வைத்திருப்பார்.

வழி என்ன என்று இருவருமே பார்த்திருக்க மாட்டார்கள். மொனிவா வரை ரயில், அங்கிருந்து சிந்த்வின் ஆற்றில் கலேவா வரை படகு, கபோ பள்ளத்தாக்கு வழியே எல்லை ஊரான தமு வரை நடை, அதன்பின் மலை. குழந்தைகளோடு போனால் வாரக்கணக்கில் ஆகும். மே நடுவில் மழை பிடித்துக்கொள்ளும். பிந்திக் கிளம்பியவர்களைச் சேறும் காலராவும் மலேரியாவும் கொன்றன. கிளம்பும் தேதி ஒரு மாதம் நகர்ந்தால் உடை, வசனம், சாவு எல்லாமே மாறும். அப்போது திருத்தம் போதாது, மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். அட்வான்ஸ் தீர்ந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் பக்கத்துக்கு முன்பே இருவரும் சேர்ந்து நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, இடம், போரில் நடந்தது, அன்று பாத்திரத்துக்குத் தெரிந்தது. நான்காவதுதான் உயிர். சிங்கப்பூர் விழுந்தது பிப்ரவரி 15. அச்செய்தி ரங்கூன் கூலி லைனுக்கு யார் வாயிலாக, எவ்வளவு திரிந்து வந்தது என்று எழுதினால் காட்சி தானே பிறக்கும். பிறகு சீன் ஆர்டர். ஒருவர் எழுதிய ஒவ்வொரு சீனையும் மற்றவர் திருத்தி எழுத வேண்டும், சண்டையானாலும் தாலாட்டானாலும். கடைசியில் ஒரு பாத்திரத்தின் வசனங்களை மட்டும் தொடர்ச்சியாக வாசியுங்கள். இரண்டு குரல் கேட்டால் ஒருவரே உட்கார்ந்து சீராக்கட்டும்.

கடிகாரம்

ஜப்பானியர் ஆண்ட காலத்தில் பர்மாவில் டோக்கியோ நேரம் ஓடியது, உள்ளூர் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். ஜனவரியில் ரங்கூனில் விடியவே கடிகாரத்தில் சுமார் 9 மணி. “காலை 6 மணி, நல்ல வெயில், அணிவகுப்பு” என்று எழுதாதீர்கள்.

ஜான்சி ராணிப் படையை இம்பால் சண்டையில் இறக்குவது

வேண்டாம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த இந்தப் பெண்கள் படையினர் 1944-ல் பர்மாவின் மேமியோ வரை வந்தார்கள்; இம்பால் போர்முனையில் அவர்கள் இறக்கப்படவில்லை.

ஒரே கோப்பை இருவரும் ஒரே இரவில் திருத்துவது

கூடாது. கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும்.

“பெயரைப் பிறகு பார்த்துக்கலாம்”

முதல் படத்தில் டைட்டில் கார்டில் பெயர் விடுபட்டவருக்கு அடுத்த வேலை கிடைப்பது கடினம். கதை, திரைக்கதை, வசனம் யார் யாருடையவை, பெயர் எந்த வரிசையில், பணத்தில் பங்கு எவ்வளவு, ஒருவர் பாதியில் விலகினால் அவர் எழுதிய சீன்கள் யாருக்கு: ஒரே தாளில் எழுதி, தேதியிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரைப் பார்க்கப் போவது அதற்குப் பிறகுதான்.