நேவிகேஷன் வச்சு பல் இம்பிளான்ட் பண்ணிக்கப் போறீங்களா? போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போங்க

கீழ்த்தாடையில கடைவாய்ப் பல்லு ஒண்ணு போச்சு, சரி இம்பிளான்ட் வச்சுக்கலாம்னு போனா டாக்டர் "நேவிகேஷன்ல பண்ணிடலாம்"னாரு, நானும் எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்துதான் யோசிச்சேன், ரோட்டுல போக வழி காட்டுவாங்க, வாய்க்குள்ள எதுக்குடா வழின்னு. அப்புறம் நாலு பேரைக் கேட்டு, படிச்சு, நானே அந்த சேர்ல படுத்து எந்திரிச்சு தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். நான் பேஷன்ட், டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

இம்பிளான்ட்ங்கறது ஒரு சின்ன டைட்டானியம் ஸ்க்ரூ, எலும்புக்குள்ள போயி உக்காரும், அதுக்கு மேலதான் பல்லு மாதிரி இருக்கற கிரவுன் வரும். டைட்டானியத்தோட எலும்பு ஒட்டிக்கும்னு 1952-ல முயல் காலுல கண்டுபிடிச்சவரு ஸ்வீடன்காரரு பிரானெமார்க், 1965-ல முதல் மனுஷனுக்கு வச்சாரு. சரி, ஸ்க்ரூ பழசு, இதுல புதுசு என்னன்னா அதை எங்க, எந்தக் கோணத்துல, எவ்வளவு ஆழத்துல இறக்கறதுங்கறதுதான். ஏன்னா எலும்பு ஈறுக்குள்ள மறைஞ்சு கிடக்கு, வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. கீழ்த்தாடைக்குள்ள ஒரு கால்வாய் மாதிரி போகுது, அதுக்குள்ள ஓடுற நரம்புதான் கீழ் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி குடுக்குது, அதுல டிரில் பட்டா உதடு மரத்தே போயிடலாம். அதனால நரம்புக்கு மேல 2 மில்லிமீட்டராவது விடுவாங்க. மேல்தாடைன்னா காத்து நிறைஞ்ச சைனஸ் அறை இருக்கு, எந்தத் தாடையா இருந்தாலும் பக்கத்துப் பல்லோட வேரு இருக்கு, அந்த வேருக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் இடம் விடணும். ஒரு அரிசி மணி அகலம்தான் நமக்கு விளையாட இடம்னு வச்சுக்கோங்க.

பழைய முறையில டாக்டர் எக்ஸ்ரேயைப் பாத்து மனசுல கணக்குப் போட்டு வெறும் கையால டிரில் பண்ணுவாரு. இன்னொண்ணு, கம்ப்யூட்டர்ல திட்டம் போட்டு ஓட்டை வச்ச ஒரு டெம்ப்ளேட்டை 3டி பிரிண்டர்ல எடுத்து பல்லு மேல மாட்டி அந்த ஓட்டை வழியா டிரில் பண்றது. நேவிகேஷன்ல டெம்ப்ளேட் கிடையாது, தலைக்கு மேல கேமரா இருக்கும், அது உங்க தாடையையும் டிரில்லையும் ஒரே நேரத்துல பாத்துக்கிட்டே இருக்கும், டிரில் நுனி இப்ப எலும்புக்குள்ள எங்க நிக்குதுன்னு உங்க ஸ்கேன் படத்து மேலயே ஸ்க்ரீன்ல காட்டும்.

முதல் வேலை ஸ்கேன். சிபிசிடின்னு சொல்லுவாங்க, தாடையை 3டி-யா காட்டற எக்ஸ்ரே ஸ்கேன், நின்னுக்கிட்டோ உக்காந்துக்கிட்டோ இருக்கும்போது மெஷின் தலையைச் சுத்தி ஒரு ரவுண்டு வரும், ஒரு நிமிஷம் கூட ஆகாது. பழைய ஓபிஜி படம், அதான் எல்லாப் பல்லையும் ஒரே படத்துல காட்டற எக்ஸ்ரே, இருக்கே அது போதாதான்னு நான் கேட்டேன், போதாதாம், அது தட்டையான படம், எலும்பு எவ்வளவு அகலம்னு அதுல தெரியாது. தோடு, மூக்குத்தி, செயின், கண்ணாடி, கழட்டற பல் செட் எல்லாத்தையும் கழட்டிடுங்க. அப்புறம் மெஷின் சுத்தும்போது எச்சில் முழுங்காதீங்க, நாக்கை அசைக்காதீங்க, இங்க படம் கொஞ்சம் கலங்கினா அங்க ஆபரேஷன்ல கணக்கு தப்பும். சில சிஸ்டத்துல ஸ்கேன் எடுக்கும்போதே பல்லுல ஒரு கிளிப்பை மாட்டுவாங்க, அதை ஆபரேஷன் அன்னிக்கு அதே இடத்துல மறுபடி மாட்டணும். அதனால நடுவுல அந்தப் பக்கம் பல்லு உடைஞ்சாலோ வேற எங்கயாச்சும் போயி அடைச்சுக்கிட்டாலோ மறைக்காம முன்னாடியே சொல்லிடுங்க, கிளிப் சரியா உக்காராது.

அதே நாள்ல உங்க மாத்திரை லிஸ்டையும் குடுத்துடுங்க. ரத்தம் உறையாம இருக்கப் போடறது, சுகர் மாத்திரை, முக்கியமா எலும்பு மெலிஞ்சு பலவீனமாகறதுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) போடற மாத்திரையோ ஊசியோ, அது ரொம்ப முக்கியம், ஏன்னா அதுல சிலது தாடை எலும்பு ஆறறதைக் கெடுக்கும். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அதை எழுதிக் குடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். சிகரெட் பிடிக்கறவங்க, உங்களுக்கு என்ன சொல்லப் போறேன்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்தது நிறைய பேர் கேக்காம விடறது: ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தத் திட்டத்தை ஸ்க்ரீன்ல காட்டச் சொல்லுங்க. வெக்கப்படாதீங்க, உங்க தாடை அது. எனக்குக் காட்டினப்போதான் விஷயமே புரிஞ்சுது. முதல்ல வரப் போற பல்லை கம்ப்யூட்டர்ல வச்சுப் பாக்கறாங்க, கடிக்கும்போது எதிர்ப் பல்லோட சரியா பொருந்துதான்னு, அதுக்கப்புறம்தான் அந்தப் பல்லுக்கு நேர் கீழ ஸ்க்ரூவை வைக்கறாங்க. நரம்பு ஓடுற பாதையை ஒரு கலர் கோடு போட்டுக் காட்டினாரு, ஸ்க்ரூ நுனிக்கும் அதுக்கும் எவ்வளவு இடைவெளின்னு கேட்டேன், மவுஸை இழுத்து அளந்து 3.1 மில்லிமீட்டர்னு காட்டினாரு. அந்த ஒரு நம்பரைப் பாத்ததும் பாதி பயம் போயிடுச்சு. என்னைக் கேட்டா இந்த மெஷினோட பாதி லாபம் இந்தத் திட்டம் போடறதுலயே வந்துடுது.

ஆபரேஷன் அன்னிக்கு வயித்தைக் காயப் போட்டுட்டுப் போகாதீங்க, மயக்க மருந்து இல்லாம வெறும் மரத்துப் போற ஊசின்னா சாப்பிட்டுட்டுப் போகலாம், மயக்கம் உண்டுன்னா அவங்க சொல்றதைக் கேளுங்க. ஊசி போட்டதும் கிளிப்பை மாட்டுவாங்க, அதுல ஒரு சின்னப் பலகை மாதிரி வாய்க்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், கேமரா பாக்கறது அதைத்தான். டிரில்லுலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கும். ஒவ்வொரு தடவை டிரில் பிட் மாத்தும்போதும் அதோட நீளத்தை மெஷினுக்குக் காட்டிட்டுத்தான் வாய்க்குள்ள கொண்டு வருவாங்க.

இப்ப நான் சொல்றதை மட்டும் நல்லா கேட்டுக்கோங்க. டிரில் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நுனியை பக்கத்துப் பல்லோட முனையில மெதுவாத் தொட்டுப் பாப்பாங்க, ஸ்க்ரீன்லயும் அதே முனையைத் தொட்டுக்கிட்டு இருக்கணும். எனக்குத் தொட்டப்போ வாயில பல்லு மேல இருக்கு, ஸ்க்ரீன்ல பாத்தா பல்லுக்கு மேல காத்துல நிக்குது, ஒரு மில்லிமீட்டருக்கு மேல இருக்கும். டாக்டர் "ம்ம்"னு ஒரு சத்தம் குடுத்துட்டு கிளிப்பைக் கழட்டினாரு, பாத்தா அடியில ஒரு ஓரம் முழுசா உக்காரல. தொடச்சு, மறுபடி அழுத்தி மாட்டி, மறுபடி மூணு பல்லைத் தொட்டுப் பாத்தாரு, இப்ப சரியா இருந்துச்சு. பத்து நிமிஷம் போச்சு, போகட்டும். அந்தத் தொட்டுப் பாக்கற வேலையை விட்டுட்டா மெஷின் தப்பான இடத்தை ரொம்ப அழகா, ரொம்ப துல்லியமா காட்டிக்கிட்டே இருக்கும். அதனால முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, "டாக்டர், நடுவுல தொட்டு செக் பண்ணுவீங்களா, எத்தனை தடவை"ன்னு. கோவப்படற டாக்டரா இருந்தா யோசிங்க.

அப்புறம் டிரில். ஸ்க்ரீன்ல ஒரு வட்டம், நடுவுல புள்ளி, ஆழம் காட்ட நம்பர், டாக்டர் பார்வை முக்கால்வாசி அதுலதான் இருக்கும், என்னடா நம்ம வாயைப் பாக்காம டிவி பாக்கறாரேன்னு முதல்ல பக்குன்னு இருக்கும், அதுதான் முறை. வலி இல்ல, அதிர்வும் தண்ணி சத்தமும்தான். அந்தத் தண்ணி சும்மா இல்ல, டிரில் சூட்டுல எலும்பு 47 டிகிரிக்குப் போயி ஒரு நிமிஷம் நின்னாலே கெட ஆரம்பிக்கும்னு 1980-கள்லயே பாத்திருக்காங்க. டெம்ப்ளேட் மாட்டினா அது தண்ணியைக் கொஞ்சம் மறைக்கும், டிரில்லும் நீளமா வேணும், வாயைப் பெரிசா திறக்க முடியாதவங்களுக்கு பின் பல்லுல கஷ்டம். நேவிகேஷன்ல அந்தத் தொல்லை குறைவு, எலும்பு எதிர்பாத்த மாதிரி இல்லைன்னா அங்கயே திட்டத்தையும் மாத்திக்கலாம்.

லாபம்னு பாத்தா, திட்டத்துக்கும் உண்மையா உக்கார்ற இடத்துக்கும் வித்தியாசம் சராசரியா 1 மில்லிமீட்டர் பக்கம், கோணம் 3, 4 டிகிரிக்குள்ள வருதுன்னு ஆய்வுகள் சொல்லுது, வெறும் கையால பண்ணா இது ரெண்டுமே கூடும். கவனிங்க, பூஜ்யம் இல்ல, அதுக்காகத்தான் நரம்புக்கு மேல அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளி. எலும்பும் ஈறும் நல்லா இருந்தா பெரிசா கீறாம சின்ன ஓட்டையிலேயே முடிச்சுடலாம், அப்ப வீக்கம், வலி, தையல் எல்லாம் கம்மி. ஆனா நேவிகேஷன்ல வச்சா எலும்பு சீக்கிரம் ஒட்டும், பல வருஷம் கூட நிக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, ஒட்டற காலம் அதேதான், கீழ்த்தாடைக்கு 3 மாசம் வாக்குல, மேல்தாடைக்கு இன்னும் கூட. கைதேர்ந்த டாக்டர் நல்ல எலும்புல ஒரே ஒரு பல்லு வைக்க மெஷினே வேண்டாம்னு சொன்னாலும் அது தப்பில்ல. நரம்பு பக்கத்துல இருக்கு, எலும்பு குறுகலா இருக்கு, நிறைய பல்லு வைக்கணும்னா அப்பதான் இது காசுக்கு வேலை செய்யும். பல்லே இல்லாதவங்களுக்கு கிளிப் மாட்ட இடமில்ல, அதுக்கு எலும்புல குட்டி ஸ்க்ரூ போட்டு அடையாளம் வைப்பாங்க, வேலை கொஞ்சம் கூடும். இன்னொண்ணு, இதுக்குக் கை பழகணும், அதனால இந்த மெஷின்ல இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்கன்னு கேட்டுடுங்க.

முடிஞ்சதும் அன்னிக்கு முழுக்க கொப்புளிக்காதீங்க, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீங்க, கன்னத்துல விட்டு விட்டு ஐஸ் வைங்க, மறுநாள்ல இருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணி. மேல்தாடையில சைனஸ் பக்கம் வேலை நடந்திருந்தா சில நாளைக்கு மூக்கைச் சிந்தாதீங்க, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க. எனக்கு ரெண்டு நாள்ல வீக்கம் வடிஞ்சுடுச்சு. கீழ்ப் பல்லு வச்சவங்க ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, ஊசியோட மரப்பு அஞ்சாறு மணி நேரத்துல போயிடணும், அதுக்கு மேலயும் கீழ் உதடோ தாடையோ மரத்தே இருந்தா காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, அப்பவே டாக்டருக்கு போன் போடுங்க.